வாங்கிய 43 புத்தகங்களில் ஒன்றுகூட என்னிடம் இல்லை: தமிழ்ப் பதிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழில் மின்னூல் வெளியிடும் பதிப்பாளர்களுக்கு,

மார்ச் முதல் வாரத்தில் எனக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. ஐந்து வருடமாக நான் தமிழ் மின்னூல்கள் வாங்கிவந்த செயலி அந்த மாதம் 31ஆம் தேதியோடு சேவையை நிறுத்திக்கொள்கிறதாம். "அதற்குள் தங்கள் நூல்களை வாசித்து முடித்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறோம்" என்று ஒரு வரி. கல்யாண மண்டபத்தில் அடுத்த பந்திக்கு ஆள் நிற்கிறது, சீக்கிரம் இலையை மூடுங்கள் என்பார்களே, அந்த மாதிரி. என் கணக்கில் 43 நூல்கள் இருந்தன. பணம் திருப்பித் தரப்படுமா என்று கேட்டு எழுதினேன். விதிமுறைகளில் 7ஆம் பத்தியைப் பாருங்கள் என்று பதில் வந்தது. பார்த்தேன். நான் நூல்களை வாங்கவே இல்லையாம், வாசிக்கும் உரிமம் மட்டும்தான் பெற்றிருந்தேனாம், அதை எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாமாம். ஏப்ரல் 1 காலையில் செயலியைத் திறந்தால் உள்ளே நுழையவே முடியவில்லை.

அந்தச் செயலியின் பெயரை நான் எழுதப்போவதில்லை. அது மூடிவிட்டது, செத்த பாம்பை அடித்து என்ன ஆகப்போகிறது. இந்தக் கடிதம் உங்களுக்குத்தான். கடை போய்விட்டது, ஆனால் நூல்களைப் போட்டவர்கள் நீங்கள், இன்னும் இருக்கிறீர்கள், இன்னும் நாலு கடைகளில் அதே நூல்களை அதே "வாங்கு" பொத்தானோடு விற்கிறீர்கள்.

முதலில் என் வீட்டுக் கதையைச் சொல்லிவிடுகிறேன். அந்த 43இல் முக்கால்வாசி அம்மாவுக்காக வாங்கியது. அம்மாவுக்கு 74 வயது, சர்க்கரை கண்ணின் விழித்திரை வரைக்கும் போய்விட்டது, ஊசி போட்டுத்தான் பார்வையைப் பிடித்து வைத்திருக்கிறோம். அச்சுப் புத்தகத்தைக் கையில் கொடுத்தால் "எறும்பு ஊர்றாப்பல இருக்குது" என்று மூடி வைத்துவிடுவார். பழைய டேப்லெட் ஒன்றில் எழுத்தைப் பெரிதாக்கி, ஒரு திரைக்கு எட்டே வரி வருகிற மாதிரி வைத்துக் கொடுத்தேன். அதன் பிறகுதான் மறுபடி படிக்க ஆரம்பித்தார். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு, திரையை முந்தானையால் ஒரு துடை துடைத்துவிட்டு, ஆள்காட்டி விரலால் ஒவ்வொரு பக்கமாகத் தள்ளிக்கொண்டே இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருப்பார். அடிக்கோடு போடுவது எப்படி என்று பேத்தி கற்றுக்கொடுத்தாள். அப்புறம் என்ன, பழமொழி எங்கே வந்தாலும் மஞ்சள்தான். "இதை எங்க ஆத்தா சொல்லுவாங்க" என்று யாராவது பக்கத்தில் இருந்தால் படித்துக் காட்டுவார்.

ஏப்ரல் 1 அன்று அவர் பாதியில் விட்டிருந்த நாவல் 61 சதவீதத்தில் நின்றது. ஒரு மாதம் அவகாசம் இருந்ததே என்று நீங்கள் கேட்கலாம். எட்டு வரித் திரையில் 700 பக்க நாவலை ஒரு மாதத்தில் படித்துப் பாருங்கள், தெரியும்.

"ஏங்கண்ணு, காசு குடுத்துத்தான வாங்குன? அப்பறம் அவன் எப்படி எடுத்துக்குவான்?"

இதற்கு நான் விதிமுறை 7ஐ விளக்கிப் பார்த்தேன். அம்மா கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "அப்ப வாடகைன்னு சொல்லியிருக்கோணும்ல" என்றார். அதற்கு மேல் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.

உங்களில் ஒருவரிடம் போனில் பேசினேன். பெயர் வேண்டாம், நல்ல மனிதர், பொறுமையாகக் கேட்டார். "சார், நாங்க அந்தக் கடைக்கு உரிமம் மட்டும்தான் குடுத்தோம். நீங்க அவங்க கஸ்டமர், எங்ககிட்ட உங்க விவரமே கிடையாது. பிரிண்ட் புக் இருக்கு, 20 பர்சென்ட் கழிச்சு அனுப்பட்டுங்களா?" என்றார். அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. ஆனால் அச்சில் படிக்க முடியாது என்பதால்தானே ஐயா மின்னூலுக்கே வந்தோம்.

நான் ஈரோட்டில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் ஜிஎஸ்டி ரிட்டர்ன் போடுகிற ஆள். புத்தி அன்றைக்குத்தான் வந்தது, பழைய ரசீதுகளை எடுத்துப் பார்த்தேன். எல்லாவற்றிலும் 9984 என்று ஒரு எண். எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்குப் பார்த்தவுடனே தெரியும், 99இல் ஆரம்பித்தால் அது பொருள் இல்லை, சேவை. அச்சுப் புத்தகத்துக்கு ஜிஎஸ்டி கிடையாது, அது பொருள். மின்னூலுக்கு உண்டு. முதலில் 18 சதவீதம் இருந்தது, 2018 ஜூலையில் ஜிஎஸ்டி கவுன்சில் அச்சுப் பதிப்பும் உள்ள மின்னூல்களுக்கு மட்டும் 5 ஆகக் குறைத்தது. அதாவது கேபிள் டிவி, இணைய இணைப்பு எல்லாம் எந்தத் தலைப்பில் வருகிறதோ அதே தலைப்பில்தான் நான் வாங்கிய நாவலும் இருந்திருக்கிறது. பொத்தானில் "வாங்கு", ரசீதில் "சேவை". ஊரெல்லாம் கணக்குப் பார்க்கிற எனக்கே ஐந்து வருடம் இது உறைக்கவில்லை என்றால் மற்றவர்களை என்ன சொல்ல.

இது ஏதோ ஒரு சின்னச் செயலி நடத்தத் தெரியாமல் செய்த கோளாறு என்று நினைத்துவிடாதீர்கள். 2009 ஜூலையில் அமேசான், விற்றவருக்கு உரிமை இல்லை என்று தெரியவந்ததும், ஜார்ஜ் ஆர்வெலின் "1984", "அனிமல் ஃபார்ம்" இரண்டையும் வாசகர்களின் கிண்டில் வாசிப்புக் கருவிகளிலிருந்து ராத்திரியோடு ராத்திரியாக அழித்தது. அரசு தனக்குப் பிடிக்காத பதிவுகளை அழிக்கிற கதை "1984", அதையே அழித்ததில் இருக்கும் பொருத்தத்தை நான் விளக்க வேண்டியதில்லை. பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள், அமேசான் நிறுவனர் ஜெஃப் பெசோஸ் பகிரங்கமாக மன்னிப்பும் கேட்டார். பள்ளிப் பாடத்துக்காக அதில் குறிப்புகள் எழுதிவைத்திருந்த ஒரு மிச்சிகன் மாணவர் வழக்குப் போட, 1,50,000 டாலரில் சமரசம் ஆனது. 2019இல் மைக்ரோசாஃப்ட் தன் மின்னூல் கடையை மொத்தமாக மூடியது. விற்ற நூல் அத்தனையும் போய்விட்டது, ஆனால் முழுப் பணத்தையும் திருப்பிக் கொடுத்தார்கள், நூலில் குறிப்பு எழுதி வைத்திருந்தவர்களுக்கு மேற்கொண்டு 25 டாலர். அம்மாவின் மஞ்சள் கோடுகளுக்கு யாரிடம் போய்க் கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை. 2025 பிப்ரவரியில் அமேசான், வாங்கிய நூலைக் கணினியில் இறக்கிக் கேபிள் வழியாகக் கிண்டிலுக்கு மாற்றும் வசதியையும் நிறுத்திவிட்டது. வாங்கியதைத் தன்னிடம் ஒரு பிரதியாக எடுத்து வைத்துக்கொள்ள நம்மில் பலருக்கு இருந்த ஒரே வழி அது.

அச்சுப் புத்தகத்தில் இந்தச் சண்டை நூறு வருடத்துக்கு முன்பே நடந்து முடிந்துவிட்டது. 1904இல் ஓர் அமெரிக்கப் பதிப்பகம் ஒரு நாவலின் உள்பக்கத்தில், இதன் விலை 1 டாலர், இதைவிடக் குறைத்து விற்க எந்த வியாபாரிக்கும் உரிமம் இல்லை, குறைத்து விற்றால் பதிப்புரிமை மீறல் என்று அச்சடித்தது. மேசி கடைக்காரர்கள் அதை 89 சென்ட்டுக்கு விற்றார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1908இல் தீர்ப்பு: ஒரு தடவை விற்றுவிட்டால் அந்தப் பிரதி மேல் உனக்குப் பிடி இல்லை. நம்முடைய 1957ஆம் வருடப் பதிப்புரிமைச் சட்டத்தின் 14ஆம் பிரிவிலும் இதே கருத்து இருக்கிறது. பிரதிகளைப் பொதுமக்களுக்கு வெளியிடும் உரிமை உரிமையாளருக்கு, ஆனால் ஏற்கெனவே புழக்கத்துக்கு வந்துவிட்ட பிரதிகள் அதில் சேராது. சென்னையில் பழைய மூர் மார்க்கெட்டும் இப்போதைய நடைபாதைக் கடைகளும் நடந்தது இதன் மேல்தான். மின்னூலுக்கு மட்டும் இது பொருந்தாது என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2019 டிசம்பரில் சொல்லிவிட்டது. டாம் கேபினெட் என்ற நெதர்லாந்து நிறுவனம் பழைய மின்னூல் விற்கப் பார்த்த வழக்கு அது. சரி, மறுவிற்பனை வேண்டாம், மின்கோப்பு நைந்துபோகாது, பழசுக்கும் புதுசுக்கும் வித்தியாசம் இல்லை, அதனால் உங்கள் விற்பனை படுத்துவிடும் என்ற வாதம் எனக்கும் புரிகிறது. விற்கும் உரிமையை நான் கேட்கவில்லை. வைத்துக்கொள்ளும் உரிமையைத்தான் கேட்கிறேன்.

வைத்துக்கொள்வதில் என்ன பெரிய விஷயம் என்றால், கோட்டையூர் ரோஜா முத்தையாவை நீங்கள் எல்லோரும் அறிவீர்கள். அவர் ஒரு விளம்பரப் பலகை ஓவியர். வாழ்நாள் முழுக்கக் கைக்காசைப் போட்டு நூல், இதழ், நாடக நோட்டீஸ், அழைப்பிதழ் என்று ஏறத்தாழ 1 லட்சம் உருப்படிகள் சேர்த்தார். 1992இல் அவர் இறந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கியது, அது இங்கேயே சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமாக நிற்கிறது. உங்களில் எத்தனை பேர் அங்கே போய்ப் பழைய முதல் பதிப்பைப் பார்த்து மறுபதிப்பு போட்டிருப்பீர்கள். அவர் சேர்த்தது இன்றைய மின்னூல் கணக்காக இருந்திருந்தால், உரிமம் பெற்றவர் மறைந்தார், கணக்கு முடிந்தது, அவ்வளவுதான். சிகாகோ வந்து எதை வாங்கியிருக்கும்? இன்றைக்கு அச்சுப் பதிப்பே இல்லாமல் மின்னூலாக மட்டும் வருகிற தமிழ் நூல்கள் நிறைய. (அதற்கு ஜிஎஸ்டி 18 சதவீதம், இது வேறு.) ஐம்பது வருடம் கழித்து அவை யார் வீட்டுப் பரணில் கிடைக்கும் என்று யோசித்திருக்கிறீர்களா?

இனி உங்கள் பக்கத்து நியாயத்துக்கு வருகிறேன், எனக்கு அது தெரியாமல் இல்லை. முன்பு 1,200 பிரதி அடித்த இடத்தில் இப்போது 200, 300 அடிக்கிறீர்கள். அரசு நூலகங்களுக்கு நூல் வாங்கும் ஆணை எப்போது வரும், பணம் எப்போது வரும் என்று தெரியாது. புத்தகம் வந்த வாரமே டெலிகிராமில் பிடிஎஃப் சுற்றுகிறது. கோப்பைத் திறந்து கொடுத்தால் நாங்கள் கடையைச் சாத்த வேண்டியதுதான் என்று அந்த நல்ல மனிதரும் சொன்னார். ஆனால் அந்த டெலிகிராம் பிடிஎஃப்களை ஒரு தடவை திறந்து பாருங்கள். பக்கம் கோணலாக இருக்கும், ஓரத்தில் கட்டைவிரல் தெரியும், சிலவற்றில் நூலக முத்திரையே இருக்கும். அச்சுப் புத்தகத்தை வைத்து மொபைலில் எடுத்தவை அவை. உங்கள் மின்னூலுக்குப் போட்ட, நகலெடுக்க விடாத டிஆர்எம் பூட்டு அவனை ஒன்றும் செய்யவில்லை, காசு கொடுத்த என்னைத்தான் வெளியே நிறுத்தியது. டோர் என்ற பெரிய அறிவியல் புனைவுப் பதிப்பகம் 2012இல் தன் மின்னூல்கள் எல்லாவற்றிலும் பூட்டை எடுத்தது. ஒரு வருடம் பார்த்துவிட்டு அதன் பிரிட்டன் கிளை, திருட்டுப் பிரதி கூடியதாகத் தெரியவில்லை என்று எழுதியது. பாட்டு விற்கிறவர்கள் அதற்கும் முன்பே, 2009இல் ஆப்பிளின் ஐடியூன்ஸ் கடையில் பூட்டை எடுத்துவிட்டார்கள். பயமாக இருந்தால் ஒவ்வொரு பிரதியிலும் வாங்கியவர் பெயரைப் பக்கத்தின் அடியில் பொறித்துக் கொடுங்கள், ஹாரி பாட்டர் மின்னூல்களை 2012இல் வாங்கியவரைக் காட்டிக்கொடுக்கிற அடையாளம் பொறித்துத்தான் விற்க ஆரம்பித்தார்கள். என் பெயர் இருக்கிற கோப்பை நான் எதற்கு ஊருக்குப் பரப்பப்போகிறேன்?

பூட்டை நானே உடைத்துக்கொள்ளலாமே என்று தெரிந்த பையன் ஒருவன் சொன்னான், அதற்கு மென்பொருள் இருக்கிறதாம். 2012இல் சட்டத்தில் சேர்த்த 65ஏ பிரிவு, உரிமையை மீறும் நோக்கத்தோடு பூட்டை உடைத்தால் 2 ஆண்டு வரை சிறை என்கிறது. எனக்கு அந்த நோக்கம் இல்லை, அதனால் அது என் மேல் பாயாது என்றே நினைக்கிறேன். ஆனாலும் அம்மா நாவல் படிக்க நான் சட்டப் புத்தகம் பார்க்க வேண்டியிருக்கிறது பாருங்கள், அதுதான் எரிச்சல்.

பூட்டு போடுவது கடைக்காரன் வேலை, எங்கள் கையில் இல்லை என்று சொல்வீர்களானால், அது பாதி உண்மைதான். அமேசானில் நீங்கள் நூலை ஏற்றும்போதே டிஆர்எம் வேண்டுமா வேண்டாமா என்று கேட்கிறார்கள். 2026 ஜனவரியிலிருந்து, வேண்டாம் என்று சொல்லி வெளியிடப்படும் நூல்களை வாங்கியவர்கள் ஈபப், பிடிஎஃப் கோப்பாகவே இறக்கிக்கொள்ளவும் அங்கே வழி வந்திருக்கிறது. ஒரு சொடுக்கு. அந்தச் சொடுக்கை உங்கள் அலுவலகத்தில் யார் செய்கிறார், எதை நினைத்து "வேண்டும்" என்பதை அழுத்துகிறார் என்று தயவுசெய்து விசாரித்துப் பாருங்கள். பாதிப் பேர் யோசிக்காமலே அழுத்தியிருப்பார்கள் என்பது என் சந்தேகம்.

வாடகை தப்பு என்று நான் சொல்லவே இல்லை. மாதச் சந்தா கட்டிப் படிக்கிற வசதி இருக்கிறது, நானும் கட்டியிருக்கிறேன், நிறுத்தினால் நூல் போய்விடும் என்று தெரிந்துதான் கட்டினேன், அதில் எனக்கு வருத்தமே இல்லை. தெருமுனை லெண்டிங் லைப்ரரியில் பாக்கெட் நாவல் எடுத்துப் படித்து வளர்ந்த ஆள் நான். வாடகை என்றால் வாடகை விலை போடுங்கள். அச்சு விலையில் முக்கால் பங்கு வாங்கிக்கொண்டு, "வாங்கு" என்று எழுதிவிட்டு, 7ஆம் பத்தியில் வேறு சொல்வதைத்தான் ஏற்க முடியவில்லை. கலிபோர்னியாவில் இதற்குச் சட்டமே போட்டுவிட்டார்கள். 2025 ஜனவரி 1 முதல், உரிமம் மட்டும்தான் தருகிறோம் என்று தெளிவாகச் சொல்லாமல் டிஜிட்டல் பொருளுக்கு "வாங்கு" என்று எழுதக் கூடாது. வாங்கியவர் நிரந்தரமாக இறக்கி வைத்துக்கொள்ள முடிந்தால் அந்தக் கட்டுப்பாடு கிடையாது. நமது 2019ஆம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும், முக்கியமான தகவலை வேண்டுமென்றே மறைப்பதைத் தவறான விளம்பரத்தில்தான் சேர்க்கிறது. நுகர்வோர் உதவி எண் 1915க்கு போன் போட்டுப் புகார் கொடுக்க எனக்கும் தெரியும். உங்களோடு பேசிவிட்டு அப்புறம் பார்க்கலாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

நான் கேட்பது இவைதான். இனி எந்தக் கடைக்கு மின்னூல் கொடுத்தாலும், வாங்கியவருக்கு ஒரு கோப்பை இறக்கிக்கொள்ளும் வழி இருக்க வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். டிஆர்எம் வேண்டுமா என்று கேட்கிற இடத்தில் வேண்டாம் என்று சொல்லுங்கள். அது முடியாத கடை என்றால் "வாங்கு" என்ற சொல்லை எடுத்துவிட்டு "வாசிக்க உரிமம் பெறு" என்று போடச் சொல்லுங்கள், விலையையும் அதற்குத் தக்க குறையுங்கள். எழுத்தாளரோடு உங்களுக்கு ஒப்பந்தக் காலம் முடிந்துபோனால் அந்த நூலை விற்பதை நிறுத்திக்கொள்ளுங்கள், விற்றதைப் பிடுங்காதீர்கள், அச்சுப் பிரதியை யார் வீட்டிலிருந்தும் போய் எடுத்து வருவதில்லையே. கடை மூடினால் ரசீது காட்டுகிறவருக்கு நீங்களே கோப்பைக் கொடுப்போம் என்று உங்கள் இணையதளத்தில் ஒரு வரி போடுங்கள். ஆகஸ்டில் ஈரோடு புத்தகத் திருவிழாவுக்கு நீங்கள் வரும்போது இவற்றில் எதைச் செய்தீர்கள் என்று ஒவ்வொரு அரங்காக வந்து கேட்பேன், கோபித்துக்கொள்ளக் கூடாது.

கடைசியாக ஒன்று. என்னிடம் 43 ரசீதும் இருக்கின்றன, ஜிஎஸ்டி எண்ணோடு. உங்களில் ஐந்தாறு பேருடைய நூல்கள்தான் அதில் பெரும்பாலும், அவரவருக்குத் தனியாக அனுப்பியிருக்கிறேன். எல்லாவற்றையும் தர முடியாவிட்டாலும், அம்மா 61 சதவீதத்தில் விட்ட அந்த நாவலை மட்டும் முதலில் அனுப்புங்கள். எழுத்தைப் பெரிதாக்க முடிகிற ஈபப் கோப்பாக இருக்கட்டும், பக்கத்தைப் படமாக எடுத்த பிடிஎஃப் வேண்டாம். மறுபடி பணம் கட்ட வேண்டும் என்றாலும் கட்டுகிறேன், ஆனால் அந்த ரசீதில் என்ன எண் போடப்போகிறீர்கள் என்று பார்ப்பேன்.